காயில் இருக்கும் இடம்: நீலகிரி மலைப்பாதையில் அன்றும் இன்றும்

நீலகிரியில் பெருமழை பிடித்தால் என்ன நடக்கும் என்பது மலையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். முதலில் மண் சரியும். மண்ணோடு மரம் சாயும், மரத்தோடு மின்கம்பம் சாயும். கரண்ட் போன சில மணி நேரத்தில் செல்போன் டவரின் பேட்டரி இறங்கிவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகலாம் என்றால் ரோடு இருக்காது. 1978 நவம்பரில் மலை சரிந்தபோதும், 1993 நவம்பரில் மரப்பாலம் சரிந்து குன்னூர் மலைப்பாதையைத் துண்டித்தபோதும் இங்கே செல்போன் கிடையாது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுக்குள் போனபோது செல்போன் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஏறத்தாழ அதே அளவு மழை பெய்தபோது அது ஆளுக்கு ஒன்றாகியிருந்தது. ஆனால் டவர் நின்றுவிட்டால் கையில் செல்போன் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட நாளில் டவரையும் கேபிளையும் நம்பாமல் பேசக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. வண்டியில் பொருத்திய ஷார்ட்வேவ் ரேடியோ. வண்டியின் 12 வோல்ட் பேட்டரி, ஒரு செட், பம்பரில் ஒரு கம்பி, அந்தக் கம்பியில் ஒரு செம்புச் சுருள். அவ்வளவுதான். அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது ஹாம்கள், அந்தச் சுருளை லோடிங் காயில் என்பார்கள். அன்றாடப் பேச்சில் வெறும் காயில்.

இந்தக் காயில் கம்பியின் அடியில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா, உச்சியை ஒட்டி இருக்கிறதா என்பதைப் பொறுத்து, அதே செட், அதே பேட்டரி, அதே ஆள் பேசும் குரல் வலுக்கவும் செய்யும், தேயவும் செய்யும். எழுபது, எண்பது ஆண்டுகளில் செட் மாறியது, வண்டி மாறியது, அளக்கும் கருவி மாறியது. காயிலின் கணக்கு மட்டும் மாறவில்லை. வசதி எப்போதும் காயிலைக் கீழே இழுக்கிறது; கணக்கு அதை மேலே தள்ளுகிறது. அன்றைய ஆட்கள் இந்த இழுபறியைக் கையால் உணர்ந்தார்கள். இன்று பொத்தான்கள் அதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. மலைவாழ் மக்களுக்கு அந்த மறதி ஆபத்தானது என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று: ராணுவ ஜீப்பின் கம்பி

தமிழ்நாட்டில் வானொலி, தனிமனிதர்களின் ஆர்வத்தில் தொடங்கிய சங்கதி. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர கூப்டு அமெச்சூர் நிலையம் நடத்திவந்தார். இவை எல்லாம் வீட்டு மாடியில் நீளமாகக் கம்பி கட்டிப் பேசிய நிலையங்கள். இடம் தாராளமாக இருந்தது. காயிலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கே அங்கு வேலை இல்லை.

அந்தக் கேள்வி வண்டியோடு வந்தது. வண்டியில் ஷார்ட்வேவைப் பெருமளவில் ஏற்றியது இரண்டாம் உலகப்போர். பிரிட்டிஷ், இந்திய ராணுவங்களின் டாங்கிகளிலும் ஜீப்புகளிலும் இருந்த 19-ஆம் எண் வயர்லெஸ் செட் 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். அதன் கம்பிக்கு அடியில் வேரியோமீட்டர் என்ற பெட்டி இருக்கும். ஒரு சுருளுக்குள் இன்னொரு சுருள். குமிழைத் திருப்பினால் உள்சுருள் சுழன்று மொத்த மதிப்பு கூடும், குறையும். இன்றைய சொல்லில் சொன்னால் அடியில் வைத்த லோடிங் காயில்.

ராணுவம் அதை அடியில் வைத்ததற்கு நியாயம் இருந்தது. கிளையில் மோதிக் கம்பி ஒடிந்தால் வேறு கம்பியைச் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். விலையுயர்ந்த காயில் பத்திரமாக வண்டிக்குள் இருக்கும். அலைவரிசை மாற்ற யாரும் கீழே இறங்க வேண்டாம். போர்க்களத்தில் இந்த வசதி உயிர்காத்தது. அதற்காகக் குரலில் ஒரு பங்கை அவர்கள் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள்.

நீலகிரிக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வெலிங்டன் கண்டோன்மென்ட், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம், 1947-இல் அங்கே வந்த பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரி என்று குன்னூர் வட்டாரமே ராணுவத்தோடு ஒட்டி வளர்ந்தது. பின்புறம் கம்பி ஆட மலைப்பாதையில் ஏறும் வண்டி இங்கே பழகிய காட்சி. போர் முடிந்ததும் நாடெங்கும் டிஸ்போசல் சரக்காக செட்டுகளும் வால்வுகளும் சந்தைக்கு வந்தன. சென்னை மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கிய சாமானில் ஒரு தலைமுறை ஹாம்கள் படித்துத் தேறினார்கள். 807 வால்வைப் போட்டு டிரான்ஸ்மிட்டர் கட்டாத ஹாம் அன்று அரிது. வண்டியில் பேச ஆசைப்பட்டவர்கள் ராணுவம் காட்டிய வழியில் காயிலை அடியில் வைத்துத் தொடங்கினார்கள். சீக்கிரமே அதை மேலே நகர்த்தவும் தொடங்கினார்கள்.

குட்டைக் கம்பியின் கணக்கு

ஏன் நகர்த்தினார்கள்? இந்திய ஹாம்கள் அதிகம் பேசும் 40 மீட்டர் பேண்டை எடுத்துக்கொள்வோம். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலையின் கால்பங்கு நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். அவ்வளவு நீளக் கம்பியோடு மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்ப முடியாது. வண்டி தாங்குவது 8 அடி, அதாவது 2.4 மீட்டர். வேண்டியதில் கால்வாசிக்கும் குறைவு.

இப்படிக் குட்டையான கம்பி மின்சாரத்துக்கு ஒரு சிறு கண்டென்சராகத் தெரியும். ஏறத்தாழ 25 பிகோஃபாரட். 7 மெகாஹெர்ட்ஸில் அது 900 ஓம் அளவுக்கு எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பை ஈடுகட்டத்தான் காயில். அடியில் வைத்தால் 20 மைக்ரோஹென்றி போதும். கம்பி டியூன் ஆகிவிடும். ஆனால் டியூன் ஆவது வேறு, பரப்புவது வேறு.

பரப்புவது கம்பியில் ஓடும் மின்னோட்டம். அது அடியில் முழுதாக இருக்கும், நுனியில் சுழி. காயிலை அடியில் வைத்தால் கால்வாய்த் தண்ணீர் மதகில் நிறைந்து கடைமடைக்குப் போகப்போக வற்றுவதுபோல, மின்னோட்டம் அடியிலிருந்தே சீராகக் குறைந்துகொண்டு போகும். காயிலை நடுவில் வைத்தால் கம்பியின் கீழ்ப்பாதி முழுக்க ஏறத்தாழ நிறைந்த மின்னோட்டம் ஓடும். மேல்பாதியில்தான் குறையத் தொடங்கும். கணக்குப் போட்டால் மின்னோட்டத்தின் மொத்தப் பரப்பு ஒன்றரை மடங்கு ஆகிறது. பரப்பும் திறனைக் குறிக்கும் கதிர்வீச்சுத் தடை அதன் வர்க்கமாகக் கூடும். இரண்டே கால் மடங்கு. அடியில் காயில் இருந்தால் 1.35 ஓம், நடுவில் இருந்தால் 3 ஓம்.

அப்படியானால் இன்னும் மேலே, நுனிக்கே கொண்டுபோகலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு மறுபக்கம் காட்டுகிறது. காயிலுக்கு மேலே உள்ள கம்பி குறையக் குறைய, அதன் கண்டென்சர் மதிப்பும் குறையும். ஈடுகட்டக் காயில் பெரிதாக வேண்டும். நடுவிலேயே 20 என்பது 40 மைக்ரோஹென்றி ஆகிவிடுகிறது. இன்னும் ஏறினால் சுற்று கூடும், கம்பி நீளும், கம்பியின் தடை கூடும், அனுப்பிய சக்தியில் பெரும்பங்கு காயிலைச் சூடாக்கிவிட்டுப் போகும். அதனால்தான் நல்ல இடம் பெரும்பாலும் நடுவிலோ, நடுவுக்குச் சற்று மேலேயோ அமைகிறது. உச்சியில் சக்கரம்போலச் சில கம்பிகளை விரித்துத் தொப்பி வைத்தால் மட்டும் காயிலைச் சிறிதாக்கிக்கொண்டே மேலே ஏறலாம்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். வண்டியின் தரைவழி இழப்பு 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தரமான காயில்; அதன் தரத்தைக் குறிக்கும் கியூ எண் 300. அடியில் வைத்தால் காயிலின் தடை 3 ஓம். 100 வாட்டில் காற்றில் போவது ஏறத்தாழ 9 வாட். நடுவில் வைத்தால் காயிலின் தடை 6 ஓம் ஆனாலும், காற்றில் போவது ஏறத்தாழ 16 வாட். அதே இரு இடங்களில் கியூ 50 உள்ள மட்டமான காயிலை வைத்தால் முறையே நாலரை வாட், ஆறு வாட். நடுவில் வைத்த மட்டமான காயில், அடியில் வைத்த நல்ல காயிலிடம் தோற்கிறது. இடமும் தரமும் சேர்ந்தே வேலை செய்யும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துப் பயனில்லை. 80 மீட்டர் பேண்டுக்கு இறங்கினால் இதே 8 அடிக் கம்பியில், நல்ல காயில் போட்டும், 100 வாட்டுக்கு இரண்டு மூன்று வாட்தான் மிஞ்சும்.

அன்று: கையால் சுற்றிய காயில்

அந்தக் காலத்தில் நல்ல மொபைல் காயில் கடையில் கிடைக்காது. சுற்றித்தான் ஆக வேண்டும். மலையிலிருந்து கோவைக்கு இறங்கினால் செம்புக் கம்பிக்குப் பஞ்சமில்லை. பம்ப்செட்டும் மோட்டாரும் செய்யும் ஊர். ரீவைண்டிங் கடையில் போய் பதினெட்டாம் கேஜ் எனாமல் கம்பி ஏழெட்டு மீட்டர் கேட்டால், "எத்தனை ஹெச்.பி. மோட்டாருங்க?" என்று திரும்பக் கேட்பார்கள். "மோட்டாருக்கு இல்லீங்க, ரேடியோவுக்கு" என்றால் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடை போட்டுத் தருவார்கள்.

40 மைக்ரோஹென்றிக்கு 2 அங்குல விட்டமுள்ள குழாயில் 4 அங்குல நீளத்துக்கு 44 சுற்று. பதினெட்டாம் கேஜ் கம்பியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே அதே அளவு இடைவெளி விட்டால்தான் கியூ நன்றாக வரும். இடைவெளி சீராக வரக் கம்பியோடு சேர்த்துத் தடித்த நூலையும் சுற்றுவார்கள். முடித்தபிறகு நூலை உருவி எடுத்தால் செம்புச் சுற்றுகள் வரிசைபிடித்து நிற்கும். அதன்மேல் வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். இரண்டு முனையிலும் பித்தளை மூடியை ஒட்டி அடித்தால் காயிலின் காந்தப்புலம் அதில் மோதி வீணாகும். அதனால் உலோகத்தைக் காயிலிலிருந்து ஒரு விட்டமாவது தள்ளி வைப்பார்கள். குழாய் பேக்கலைட்டாக இருக்கலாம், பெர்ஸ்பெக்ஸாக இருக்கலாம், பிறகு பி.வி.சி. பைப் வந்தது. உச்சித் தொப்பிக்கு சைக்கிள் ஸ்போக்ஸ்.

சுற்றுவதைவிட டியூன் செய்வது பெரிய வேலை. நடுவில் காயில் வைத்த கம்பியின் அலைவரிசை அகலம் குறுகலானது; 40 மீட்டரில் சில பத்து கிலோஹெர்ட்ஸ்தான். பேண்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இறங்கி, நுனிக்கம்பியை விரல் அளவு இழுத்தோ தள்ளியோ, முதலைக்கிளிப்பை ஒரு சுற்று நகர்த்தியோ, மறுபடி ஏறி மீட்டரைப் பார்க்க வேண்டும். மழையிலும் பனிமூட்டத்திலும் இது லேசான காரியமல்ல. ஆனால் இப்படி ஏறி இறங்கியவருக்குக் காயிலின் குணம் விரல் நுனிக்கு வந்துவிடும். மேகம் வந்து மூடினால் டியூன் எந்தப்பக்கம் நகரும், காயிலில் நீர் தங்கினால் மீட்டர் எவ்வளவு சரியும், வெயில் வந்தால் எத்தனை நிமிடத்தில் திரும்பும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும்.

நீலகிரிக்கென்று சில சோதனைகளும் உண்டு. எஸ்டேட் ரோடுகளின் இருபுறமும் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள். அதன் கிளைகள் 10 அடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கால் கிலோ எடையுள்ள காயிலைச் சுமந்த கம்பி, ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் சாயும், கிளையில் மோதும். அதைத் தடுக்க நைலான் நூலால் பின்புறம் இழுத்துக் கட்டுவார்கள். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் இரவில் காயிலின் மேல் வெண்படலம் படியும். இத்தனைக்கும் ஈடுகொடுத்தும் காயிலை நடுவிலேயே வைத்தார்கள். அங்கே வைத்தால் மறுமுனையில் குரல் எடுப்பாகக் கேட்கிறது என்பதைக் காதால் கேட்டு அறிந்தவர்கள் அவர்கள்.

மலை கேட்கும் குரல்

இந்த மலையில் ஷார்ட்வேவ் ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். வாக்கி-டாக்கி பேசும் வி.எச்.எஃப். அலை நேர்கோட்டுக்காரன். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் நின்றால் சமவெளி வரை தாராளமாகப் போகும். குந்தா பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டால் எதிர் மலையே சுவர். அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் தப்பலாம். அந்த ரிப்பீட்டருக்கும் கரண்ட் வேண்டும், அதை எட்டவும் பார்வைக்கோடு வேண்டும்.

7 மெகாஹெர்ட்ஸ் அலை வேறு வழியில் வருகிறது. நேர் மேலே அனுப்பினால் பகலில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, 300, 400 கிலோமீட்டர் வட்டாரத்தின்மேல் மழைபோல் இறங்கும். எத்தனை ஆழமான பள்ளத்தாக்கானாலும் அதற்குக் கூரை கிடையாது. மஞ்சூரிலிருந்து கோவைக்கும், பந்தலூரிலிருந்து ஊட்டிக்கும் மலைகளைத் தாண்டிப் பேச இதுவே நம்பகமான வழி.

இதில் ஒரு சிக்கல். செங்குத்தாக நிற்கும் கம்பி நேர் மேலே மிகக் குறைவாகவே பரப்பும். அதன் வலு பக்கவாட்டில். அதனால்தான் ராணுவத்தினர் வண்டியை நிறுத்திப் பேசும்போது கம்பியைப் பின்பக்கம் வளைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். சாய்ந்த கம்பி மேல்நோக்கிப் பேசும். சாய்த்ததும் டியூன் சற்றுக் கீழே இறங்கும். காயிலில் ஒரு சுற்றைக் குறைக்க வேண்டும். காயில் நடுவில் இருந்தால் இந்தச் சாய்ந்த நிலையிலும் மின்னோட்டம் நீண்ட பகுதியில் ஓடும். பள்ளத்தாக்கில் சிக்கிய வண்டிக்கு இதைவிட உதவும் தந்திரம் வேறில்லை.

இன்று: மோட்டார் காயிலும் பச்சை விளக்கும்

இன்றைக்கு வண்டிகள் மாறிவிட்டன. கேன்வாஸ் கூரை ஜீப் போய் உயர்ந்த இரும்புக் கூடுள்ள பொலேரோவும் ஸ்கார்பியோவும் வந்தன. பழைய ஜீப்பின் பின்பம்பரில் அடிக்காயில் வைத்தாலும் அதைச் சுற்றிப் பெரும்பாலும் காற்றுவெளி. இன்று அதே பம்பரில் வைத்தால் காயில் பின்கதவின் தகட்டோடு ஒட்டி நிற்கும். மேல்நோக்கிப் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்தத் தகட்டுக்கே தாவிவிடும். ஆகவே காயில் கூரை மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அன்றைவிட இன்றுதான் கண்டிப்பான விதி. பிளாஸ்டிக் பம்பர் வந்துவிட்டதால் தரைவழிக்கான இணைப்பையும் சேசிஸ் வரை தனியாகப் பட்டையிழுத்துத் தர வேண்டியிருக்கிறது.

இறங்கி ஏறும் தொல்லையும் தீர்ந்தது. 1990-களில் அமெரிக்க ஹாம் டான் ஜான்சன் பரவலாக்கிய ஸ்க்ரூடிரைவர் ஆன்டெனாவில், பேட்டரி ஸ்க்ரூடிரைவரின் மோட்டார் காயிலை ஏற்றி இறக்கும். ஓட்டுநர் இருக்கையில் பொத்தானை அழுத்தினால் பேண்ட் மாறுகிறது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் மோட்டாரும் காயிலும் சேர்ந்த எடை கீழேதான் உட்காரும். பெரிய மாடல்களில் காயிலின் கீழே கணிசமான நீளத்துக்குக் கம்பம் இருக்கிறது. பார்க்க அழகான சின்ன மாடல்களில் காயில் ஏறத்தாழ அடியிலேயே. வேரியோமீட்டர் காலத்து இடத்துக்கே வசதி மறுபடி காயிலை இழுத்து வந்துவிட்டது.

இன்னொரு வசதி ஆட்டோ டியூனர். பொத்தானைத் தட்டினால் சில நொடியில் பச்சை விளக்கு எரியும், கேபிளோடு ஆன்டெனா பொருந்துவதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றுக்கு ஒன்று. புதியவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவார். இங்கேதான் பெரிய பொறி. மேலே சொன்ன கணக்கையே பாருங்கள். நடுவில் நல்ல காயில் வைத்த நல்ல ஆன்டெனாவின் மொத்தத் தடை 3, 6, 10 சேர்ந்து 19 ஓம். 50 ஓம் கேபிளில் இதை நேராக இணைத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டரைக்கு மேல் காட்டும். அடியில் மட்டமான காயிலும் துருப்பிடித்த தரை இணைப்பும் உள்ள ஆன்டெனாவின் தடை கூட்டிப் பார்த்தால் 50-ஐத் தொட்டுவிடும். மீட்டரில் அதுதான் அழகாகத் தெரியும். மோசமான ஆன்டெனா மீட்டரில் பாஸ் ஆகிறது. நல்லது ஃபெயில் ஆகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அளப்பது பொருத்தத்தை. பரப்பும் திறனை அல்ல. நல்ல ஆன்டெனாவுக்கு அடியில் ஒரு சிறு பொருத்தச் சுருள் போட்டால் எஸ்.டபிள்யூ.ஆரும் சரியாகிவிடும், குரலும் குறையாது.

இன்றைய கருவிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவற்றைச் சரியாகக் கையாண்டால் அன்றைய ஆட்கள் கனவிலும் காணாத வெளிச்சம் கிடைக்கிறது. ஜப்பானில் ஒரு பொறியாளர் வடிவமைத்து, 2019 வாக்கில் உலகெங்கும் பரவிய நேனோ வி.என்.ஏ. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளங்கை அளவுத் திரையில் தடை எவ்வளவு, எந்த அலைவரிசையில் ஆன்டெனா நிற்கிறது, அகலம் எவ்வளவு என்று அப்படியே காட்டும். காயிலை அடியிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்து அளந்து பார்த்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எண்களைக் கல்லூரி மாணவர் ஒரே பிற்பகலில் தானே கண்டுகொள்ளலாம். ஆன்டெனாவைக் கணினியில் மாதிரி செய்யும் ஈசிநெக் மென்பொருள் 2022 முதல் இலவசம். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் குழாய் வாஷரில் காயில் சுற்றச் சொல்லிக்கொடுத்த பிட்எக்ஸ் செட்டும், அதன் பின்வந்த மைக்ரோ பிட்எக்ஸும் இந்திய மாணவர் கைக்கு எட்டும் விலையில் ஷார்ட்வேவைக் கொண்டுவந்தன. மைக்ரோ பிட்எக்ஸ் 10 வாட் அளவுக்குத்தான் தரும். அந்த 10 வாட்டில் காற்றில் போவது ஒன்றரை வாட்டா, அரை வாட்டா என்பதைக் காயிலின் இடமும் தரமும்தான் முடிவு செய்கின்றன. செட் சிறியதாக ஆக, காயிலின் பொறுப்பு பெரிதாகிறது.

ரப்பருக்குள் ஒளிந்த சுருள்

வாசகருக்கு இதெல்லாம் ஹாம்களின் தனி உலகமாகத் தோன்றலாம். அப்படியில்லை. முதுமலைக் காட்டில் வனப் பணியாளரின் கையில் இருக்கும் வாக்கி-டாக்கியின் கட்டைவிரல் தடிமனுள்ள ரப்பர் கம்பியை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அடி முதல் நுனி வரை ஒரே சுருள். 150 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய அரை மீட்டர் கம்பியை ஒரு சாண் நீளத்துக்குள் சுருட்டியது. 1990-களின் இறுதியில் நம் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த நோக்கியா 5110-இன் குட்டிக் கொம்புக்குள்ளும் சுருள்தான். இடத்தை மிச்சப்படுத்தினால் குரலில் விலை கொடுக்க வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் பொது. யானை நடமாட்டத்தைச் சொல்லும் பணியாளருக்கு ரப்பர் கம்பிக்குப் பதில் அரை மீட்டர் நீளமுள்ள முழுக்கம்பியைத் தந்தாலே, அதே வாக்கி-டாக்கி தூரத்துக்குப் பேசும். அது பெரிய செலவும் அல்ல.

அலையின் நீளத்துக்கு ஏற்ற இடம் இருந்தால் காயிலே வேண்டாம் என்பதற்கும் நீலகிரியிலேயே சாட்சி உண்டு. முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் மலைச்சரிவையே பூமியின் அச்சுக்கு இணையான தாங்கியாகப் பயன்படுத்தி அதைக் கட்டினார்கள். அது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளமே ஒரு மீட்டருக்குள். அதன் 1,056 டைபோல்களும் தேவையான முழு நீளத்தில் நிற்கின்றன. பால்வெளிக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய முணுமுணுப்பை அது கேட்கிறது. சேறு படிந்த பம்பரில் எட்டடிக் கம்பியை வைத்துக்கொண்டு பேசுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்குக் காயிலை வைக்கும் இடம் மட்டுமே கையில் உள்ள பிடி.

எது போனது, எது நின்றது

அன்றைக்கு இருந்து இன்று குறைந்துபோனது, காயிலைச் சுற்றிய அனுபவம். இன்றைக்கு வந்து அன்று இல்லாதது, சுற்றியதை நேர்மையாக அளக்கும் கருவி. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் இந்த மலைக்கு அதைவிட நல்ல காவல் இல்லை. 2024 ஜூலை 30 அன்று நம் பந்தலூர், கூடலூர் எல்லையை ஒட்டிய வயநாட்டில் சூரல்மலையும் முண்டக்கையும் சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம்கள் நிலையம் அமைத்து மீட்புப் பணிக்குத் தகவல் தந்தார்கள். 2004 சுனாமியின்போது அந்தமானில் ஹாம் பாரதி பிரசாத் குழுவினர் செய்ததும் இதுதான். சரிந்த மண்ணுக்கு மாவட்ட எல்லை தெரியாது. அடுத்த முறை அது குந்தாவாக இருக்கலாம், கோத்தகிரிச் சரிவாக இருக்கலாம்.

அதனால் சொல்வது இதுதான். மாவட்ட நிர்வாகமும், குன்னூரில் தலைமையகம் கொண்ட உபாசி போன்ற தோட்ட அமைப்புகளும், கோவை, நீலகிரிப் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து தாலுகாவுக்கு ஒரு வண்டியையாவது ஷார்ட்வேவ் பேசும் நிலையில் வைத்திருக்க வேண்டும். அமெச்சூர் உரிமத்துக்கு 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை, விண்ணப்பம் இணையத்திலேயே. ஆனால் செட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. கம்பி எவ்வளவு நீளம் தாங்குமோ அவ்வளவு நீளமாக இருக்கட்டும். காயில் கூரைக்கு மேலே, கம்பியின் நடுவில் நிற்கட்டும். தடித்த கம்பியில், இடைவெளி விட்டு, நீர் தங்காதபடி சுற்றியதாக இருக்கட்டும். தரை இணைப்பு சேசிஸைப் பிடித்திருக்கட்டும். வண்டியை நிறுத்தினால் கம்பியைச் சாய்த்துக் கட்டக் கயிறும் இருக்கட்டும். மின்கம்பிக்கு அடியிலும் இடி இடிக்கும்போதும் எதையும் தொட வேண்டாம்.

பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மாதம் ஒருமுறை அவலாஞ்சியிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ கூப்பிட்டு, கோவையில் இருப்பவருக்குக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காயிலை வைத்த இடம் சரியா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். முதல் சோதனையை வடகிழக்குப் பருவமழை வருமுன், செப்டம்பருக்குள் செய்து முடியுங்கள்.